கொரோனா நோயாளிகளின் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் கவனிக்கப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொரோனா தொற்று நுரையீரலைத் தவிர மற்ற உறுப்புகளையும் பாதிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், கல்லீரலைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இடம்பெற்றிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில், அந்த வரியோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய சிலவற்றை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மருத்துவமனையில் சேர்க்கப்படும் கொரோனா நோயாளிகளில் ஏறத்தாழ 15 முதல் 50 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆகியவற்றின் அளவு இயல்பைவிடக் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. பெரும்பாலோரிடம் இந்த ஏற்றம் இயல்பின் மேல்வரம்பைப்போல் இரண்டு மடங்குக்குள் நின்றுவிடுகிறது. தொற்று தணியத் தணிய அதுவும் இறங்கிவிடுகிறது. மஞ்சள் காமாலை வரை முற்றுவது அரிது. கொரோனா வந்தவர்களின் ஈரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் செய்திகளை நம்பி யாரும் கலங்க வேண்டியதில்லை. அதற்காக, அந்த எண்களைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் கூடாது.

நொதிகள் ஏறுவதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதுதான் இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. வைரஸ் உடலின் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்னும் ஏற்பி, கல்லீரல் செல்களைவிடப் பித்தநாளச் செல்களில்தான் அதிகமாக உள்ளது. எனவே வைரஸ் நேரடியாகத் தாக்குவது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், அது மட்டுமே முழு விளக்கமாகிவிடாது. தீவிர நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது, உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறி அழற்சியைப் பெருக்குவது, இதயம் தளர்ந்து கல்லீரலில் ரத்தம் தேங்குவது ஆகிய ஒவ்வொன்றும் ஈரலைப் பாதிக்கும். சிகிச்சைக்குத் தரப்படும் ரெம்டெசிவிர், டோசிலிசுமாப் போன்ற மருந்துகளாலும் நொதிகள் உயரக்கூடும். காய்ச்சலுக்காக எல்லோரும் தாமாகவே வாங்கி விழுங்கும் பாராசிட்டமாலும், நாளொன்றுக்கு 4 கிராம் என்ற உச்ச அளவைத் தாண்டினால் ஆபத்தாகிவிடும். ஈரல் நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக 2 கிராமோடு நிறுத்திக்கொள்ளவே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்ஜிஓடி கல்லீரலில் மட்டுமல்லாமல் தசைகளிலும் இருப்பதால், கடும் தொற்றில் தசை பாதிக்கப்பட்டாலும் அதன் அளவு கூடும். ஆகவே ஓர் எண்ணைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஈரலின் செயல்பாட்டைக் காட்டும் பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றோடு நோயாளியின் நிலையையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

ஆனால் நடப்பது வேறாக இருக்கிறது. அறிக்கையை வாங்க வருபவர்களின் கண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணில்தான் முதலில் பதிகிறது. எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 70 என்று கண்டதும் பதறிப்போய், கையில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கொரோனாவிலிருந்து மீண்ட ஒரு பெண்மணி, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டி, "ஈரலுக்குச் சுமை வேண்டாம்னு இதையும் நிறுத்திட்டேன்" என்றார். அது ஹெபடைடிஸ் பி நோய்க்காக அவர் ஆண்டுக்கணக்கில் உட்கொண்டு வந்த டெனோஃபோவிர். அதைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைடிஸ் வைரஸ் மீண்டும் பெருகி, கொரோனா செய்ததைவிடப் பெரிய கேட்டை ஈரலுக்குச் செய்துவிடக்கூடும். உடனே தம் மருத்துவரைப் பார்க்கும்படி வற்புறுத்தி அவரை அனுப்பிவைத்தோம். கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், உடலின் எதிர்ப்பாற்றலே ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை இதேபோல் தாமாக நிறுத்துவது, உறுப்பையே இழக்க நேரும் அளவுக்கு ஆபத்தானது.

உண்மையிலேயே பெரிய ஆபத்தில் இருப்பவர்கள், ஏற்கெனவே ஈரல் சுருங்கி சிரோசிஸ் நிலையில் இருப்பவர்கள். தடுப்பூசி வருவதற்கு முன், 29 நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளின் தரவுகளில், கொரோனா தொற்றிய பின் உயிரிழந்தவர்கள் சிரோசிஸ் இல்லாதவர்களில் 8 விழுக்காடாகவும், சிரோசிஸ் உள்ளவர்களில் 32 விழுக்காடாகவும் இருந்தனர். சிரோசிஸ் மிகவும் முற்றியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். அந்தக் கொடிய நாள்களைப் போல் இன்று நிலைமை இல்லை என்றாலும், இவர்களுக்குத் தடுப்பூசி தவறக் கூடாது. தொற்று வந்தால் வீட்டிலேயே சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் கூடாது. இவர்களுக்கு மருந்து கொடுப்பதிலும் மிகுந்த கவனம் தேவை. கொரோனா வைரஸுக்கு எதிரான மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை ஈரல் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. மாற்றுக் கல்லீரல் பெற்றவர் எதிர்ப்பாற்றலைக் குறைக்க உட்கொள்ளும் டாக்ரோலிமஸின் அளவை அது ரத்தத்தில் அபாயகரமாக ஏற்றிவிடும் என்பதால், மருத்துவரிடம் பழைய மருந்துச்சீட்டைக் காட்டாமல் அதை வாங்கவே கூடாது.

மருத்துவமனைகளிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய செலவு பிடிக்கும் செயல் அல்ல. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையில் ஆக்சிஜன் அளவும், மார்பு ஸ்கேன் முடிவும் விரிவாக இருக்கின்றன. ஏறியிருந்த கல்லீரல் நொதிகளைப் பற்றியோ, அவற்றை மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியோ பல அறிக்கைகளில் ஒரு சொல்லும் காணப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்துச் செய்யும் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே எண்கள் இறங்கிவிட்டனவா என்பது தெரிந்துவிடும். இறங்காதவர்களிடம் அதுவரை அறியப்படாத கொழுப்புக் கல்லீரலோ ஹெபடைடிஸோ இருப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரலாம். தீவிர சிகிச்சையில் பல வாரங்கள் இருந்து மீண்டவர்களில் மிகச் சிலருக்குப் பித்தநாளங்கள் பின்னாளில் சேதமடைவதும் பதிவாகியிருப்பதால், அவர்களை இன்னும் கூடுதல் காலம் கண்காணிக்க வேண்டும். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளால் அடங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் மீண்டும் பெருகக்கூடும் என்பதால், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளோ டோசிலிசுமாப்போ செலுத்தப்படும் நோயாளிகளுக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் தவறாமல் செய்து, அதன் முடிவைச் சுருக்க அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்