கம்பியைத் தளர்த்தியது முதல் ஆல்பத்தில் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் 'பிளாக் சபாத்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். பர்மிங்காம் பையன்கள் நால்வருக்குத் தமிழ் இதழில் மூன்று பக்கம் கிடைப்பது அடிக்கடி நடக்கிற காரியமா? அந்தச் சந்தோஷத்தில் சின்னப் பிழைகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமியின் விரல்கள் வெட்டுப்பட்டதால் கிட்டார் கம்பிகளைத் தளர்த்திக் கட்டினார், முதல் ஆல்பத்தின் கனத்த ஒலி அதிலிருந்துதான் பிறந்தது என்கிறார் கட்டுரையாளர். விரல் போனது உண்மைதான். பதினேழு வயதில், தகரத் தொழிற்சாலையில் வேலைக்குப் போன கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனி இழந்தன. அவர் இடது கைக்காரர். அதாவது, கம்பியை அழுத்துகிற கையே போனது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தானே விரல் உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார். அழுத்தினால் வலிக்காத மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். இதுவரை சரி.

ஆனால் கம்பியைத் தளர்த்தி ஸ்ருதியை இறக்கியது அப்புறம். மூன்று சுரஸ்தானம் (அரைச்சுரம்) கீழே இறக்கி வாசித்த பாடல்கள் 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான் இருக்கின்றன. முதல் ஆல்பம் முழுக்க எல்லாரும் கட்டுகிற அதே வழக்கமான ஸ்ருதிதான். சந்தேகம் இருந்தால் ஆல்பத்தைப் போட்டுவிட்டுக் கிட்டாரோடு உட்காருங்கள். ஒரு கம்பியைக்கூடத் தளர்த்தாமல் கடைசிவரை கூடவே வாசித்துவிடலாம். மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகக் கிட்டார் வாசிக்கிறவன் நான். இதைப் பலமுறை செய்து பார்த்தாயிற்று.

அப்படியானால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? இதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாடலைக் கேளுங்கள். மழை, இடி, மணியோசை. அப்புறம் மூன்றே சுரம்: ச, மேல் ச, நடுவில் வந்து நடுங்குகிற பிரதி மத்தியமம் (உயர்ந்த ம). அவ்வளவுதான். சவுக்கும் இந்த மவுக்கும் உள்ள இடைவெளிக்குத்தான் ஐரோப்பியர்கள் 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கட்டுரையில் உள்ளதுபோலத் திருச்சபை சட்டம் போட்டுத் தடுத்தது என்பதற்குச் சான்று கிடையாது. நமக்கோ கல்யாணி ராகத்திலேயே அந்த ம இருக்கிறது, கல்யாண வீட்டில் காலையிலேயே நாகஸ்வரத்தில் வாசிக்கிறார்கள்! ஆக, சுரத்தில் மட்டும் பேய் இல்லை. அதை எவ்வளவு மெதுவாக வாசிக்கிறார்கள், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள் என்பதில்தான் பயம் இருக்கிறது. குழுவில் பேஸ் (கீழ்ஸ்தாயி) கிட்டார் வாசித்த கீசர் பட்லர், ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' இசையைத் தன் கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து இது முளைத்தது என்பார்கள். அவர் பேஸுக்கு வருமுன் கிட்டார் வாசித்தவர். அதனால் அயோமியின் ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) விட்டு விலகாமல் அதே சுரங்களைக் கீழே தடிமனாக வாசிக்கிறார். இரண்டும் ஒன்றாக விழும்போது பாறை உருண்ட மாதிரி இருக்கிறது. பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸ் கேட்டு வளர்ந்த கை தெரியும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் இந்த ஆல்பம் வெறும் சுமையாகியிருக்கும்.

அந்தக் கனத்துக்கு இன்னொரு காரணம், பதிவில் இருந்த அவசரம். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதுபோல நால்வரும் சேர்ந்து. தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின் மழையையும் மணியையும் பிறகு சேர்த்தார். அன்று முதலில் பதிவான பாட்டு முடிந்ததும் அயோமியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) செத்துவிட்டது. பழுதுபார்க்க ஏது நேரம்? துணைக்கு வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்தார். அதன் பிறகு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதே அந்த கிட்டார்தான். எல்லாம் உன்னதம் என்று நான் சொல்லமாட்டேன். 'வார்னிங்' என்ற பாட்டு 10 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதுவும் பெயின் நிறைய வெட்டிய பிறகு. இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம். அந்தப் பாட்டில் தெரிவது சில மாதங்களுக்கு முன்புவரை 'எர்த்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த குழு.

இந்தக் குழு சாத்தானை வழிபடுகிறது என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. ஆல்பத்தின் முதல் பாட்டில் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் கடவுளே காப்பாற்று என்று அலறுகிறார். கும்பிடுகிறவன் அப்படியா கத்துவான்? 'என்.ஐ.பி.' என்ற பாட்டின் தலைப்பில் ரகசியக் குறியீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பில் வார்டின் தாடி பேனா நிப்பு மாதிரி இருந்ததாம், அதைக் கிண்டல் செய்து வைத்த பெயர். தலைகீழ்ச் சிலுவையை அட்டையின் உள்பக்கம் போட்டது இசைத்தட்டு நிறுவனத்தின் வேலை, குழுவுக்கு அதில் விருப்பமில்லை. ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வந்தது. விமர்சகர்கள் கிழித்தார்கள், ஆனாலும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம்வரை ஏறியது.

கடைசியாக, அட்டைப்படத்தின் கீழே 'பாழடைந்த பேய் மாளிகை' என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். அது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் கரையில் இருக்கும் மேப்பிள்டர்ஹாம் நீர் ஆலை. நம் காலத்திலும் கோதுமை மாவு அரைத்த இடம். அடுத்த இதழில் அதையாவது திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
திருச்சி