பேர் போடாத உறை ஒன்று வரும்

ஓடன்ஸ, டென்மார்க்
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சின்ன மகள் எழுதிக்கொள்வது. நானும் உன் மாப்பிள்ளையும் யாழினியும் இங்கே நல்ல சுகம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா ராத்திரி மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? அக்காதான் இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்பதால் அவளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அக்கா, வேகமாக ஓட்டிவிடாதே, நிறுத்தி வாசி.

உறையைப் பிரித்தபோது சிவப்பும் வெள்ளையுமாக ஒரு காகித இதயம் மடியில் விழுந்திருக்கும். கசங்காமல் வந்து சேர வேண்டும் என்று இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பினேன். அதன் வாயை விரலால் மெல்லத் திறந்து பார். உள்ளே பை மாதிரி இருக்கும். மேலே இருக்கிற காதுக்கு மட்டும்தான் பசை. மிச்சமெல்லாம் பின்னல். இதைப் பற்றிப் போனில் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். கையில் பிடிக்காமல் உனக்கு இது புரியாது என்று தோன்றியது. அதனால்தான் கடிதம்.

இங்கே டிசம்பரில் சூரியன் காலை எட்டரை தாண்டித்தான் உதிக்கிறது. மூணே முக்காலுக்குள் மறைந்துவிடுகிறது. யாழினி பள்ளிக்கூடம் போகும்போதும் இருட்டு, வீட்டுக்கு வரும்போதும் இருட்டு. வந்த முதல் வருசம் அந்த இருட்டில் நான் எவ்வளவு அழுதேன் என்று உனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதம் வெட்டுகிறார்கள். குழந்தைகள் மட்டும் இல்லை, அப்பாக்கள், தாத்தாக்கள் எல்லோரும்தான். பள்ளிக்கூடத்திலேயே அதற்கென்று ஒரு நாள் வைக்கிறார்கள். "க்ளிப்பெ-க்ளிஸ்ட்ரெ" என்று பேர். வெட்டு, ஒட்டு என்று அர்த்தம். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். பெற்றோரும் போக வேண்டும். பிளாஸ்கில் காப்பி, தட்டில் நம்ம பணியாரத்தை அச்சில் வார்த்தது போலவே ஒரு உருண்டைப் பலகாரம். மேசை முழுக்க ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் வண்ணத்தாள்.

போன நவம்பரில் நான் போய் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மா இந்த இதயத்தை எப்படிச் செய்வது என்று காட்டினார். இரண்டு தாள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரண்டையும் மடித்து, மடிப்பு இல்லாத முனையை மட்டும் வட்டமாக வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு மடிப்புப் பக்கத்திலிருந்து உள்ளே நீள நீளமாக வெட்ட வேண்டும். தாள் 9 செ.மீ. அகலம் என்றால் வெட்டு ஒன்பதரை வரை போகலாம், அந்த அரை இல்லாவிட்டால் கடைசி வரிசை நுழையாது. அப்புறம் சிவப்புக் கீற்று வெள்ளைக் கீற்றின் வயிற்றுக்குள் நுழையும். அடுத்த வெள்ளையைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். நுழை, வாங்கு, நுழை, வாங்கு. அடுத்த வரிசை இதற்கு நேர்மாறு. ஒரு கீற்று தப்பினால் வாய் திறக்காது.

அவர் ஒரு தடவை காட்டினார். என் கை அதற்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மாச்சி பனங்குருத்தில் கொட்டான் முடைவாளே, அதே வேலைதான் அம்மா! ஒரு கீற்று மேலே, ஒரு கீற்று கீழே. கொட்டானில் ஓலை ஒற்றை, இங்கே தாள் இரட்டை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லித் தரவில்லை. இருந்தும் கைக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு ஏழு இதயம் பின்னினேன். எட்டுக் கீற்று வைத்தும் ஒன்று பின்னினேன். அது மிகவும் நுணுக்கம், கண் வலித்துவிட்டது.

இதை டிசம்பர் 24 அன்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டு, உள்ளே சுண்டைக்காய் அளவுக்கு மசாலா பிஸ்கட்டோ முந்திரியோ போட்டு வைக்கிறார்கள். ராத்திரி எல்லோரும் கை கோத்து மரத்தைச் சுற்றிப் பாடி ஆடுகிறார்கள். இன்னொன்று, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் காது வைத்துத் தொங்கவிடுவது. அதற்கு "க்ரெம்மர்ஹூஸ்" என்று பேர். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் சாமான் கட்டிக் கொடுத்த பொட்டலம்தான் அது. தாத்தா கடையில் கடலைக்குச் சுருட்டின அதே கூம்பு! அடியைத் திருகி மூடும் வித்தைகூட மாறவில்லை. உன் மாப்பிள்ளை ஒரு மணி நேரத்தில் நாற்பது சுருட்டினார். நான்கு பட்டைத் தாளை ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பதினாறு முனை வரும்படி மடிக்கிற நட்சத்திரமும் உண்டு. அதற்கு ஃப்ரோபெல் என்ற ஜெர்மன் ஆசிரியரின் பேர். 1840-இல் குழந்தைகள் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பேர் வைத்தவர் அவர்தான். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. யாழினிக்கு வருகிறது.

நாங்கள் இருக்கிற இந்த ஓடன்ஸதான் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஊர். 1805-இல் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா ஊரார் துணி துவைத்துப் பிழைத்தவர். கதை எழுதிப் பேர் வாங்கியவர் என்றுதான் நான் படித்திருந்தேன். இங்கே வந்த பிறகுதான் அவர் காகிதம் வெட்டுவதிலும் பெரிய கைகாரர் என்று தெரிந்தது. குழந்தைகள் நடுவே கதை சொல்லிக்கொண்டே பெரிய கத்தரியால் மடித்த தாளை வெட்டுவாராம். கதை முடியும்போது விரித்தால் உள்ளே நடனக்காரிகளும் அன்னமும் கோட்டையும் நிற்குமாம். 2021-இல் புதிதாகத் திறந்த அவருடைய அருங்காட்சியகத்துக்குப் போனோம். இருக்கிற பின்னல் இதயங்களிலேயே மிகப் பழையது என்று தெரிந்திருப்பது அவர் 1860-இல் செய்ததுதான். அதை மரத்தில் தொங்கவிடச் செய்தாரா என்பது தெரியாதாம். வீட்டுக்கு வீடு இதயம் தொங்கவிடுகிற பழக்கம் போன நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது.

தீக்குச்சி விற்கிற சிறுமியைப் பற்றி ஒரு கதை உண்டே, பள்ளிக்கூடத்தில் படித்து நானும் அக்காவும் அழுதோமே, அதுவும் அவர் எழுதியதுதான், 1845-இல். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா, மைதாவைக் கட்டி தட்டாமல் கிண்டி, மயில்துத்தம் போட்டு இறக்குகிற அந்தத் தீப்பெட்டிப் பசை வாசனை எனக்கு அப்போது பிடிக்கவே பிடிக்காது. பள்ளிக்கூடம் போகும்போது விரல் இடுக்கில் காய்ந்து கிடக்கும். சாப்பிடும் முன்னால் மூன்று தடவை சோப்புப் போடச் சொல்வாய், துத்தம் விஷம் என்று. நீ கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவாய். மரச்சீவலை மடித்து, நீலத் தாளைச் சுற்றி, கட்டை விரல் நகத்தால் ஒரே நீவல். உள்பெட்டி ஒரு குவியல், மேல்பெட்டி ஒரு குவியல். 144 சேர்ந்தால் ஒரு குரோஸ். நாளைக்கு எத்தனை குரோஸ் என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு. ஒரு ஐப்பசி அடைமழையில் பெட்டியெல்லாம் காயாமல் வளைந்துபோய், வாங்க வந்தவர் அத்தனையையும் கழித்துப் போட்டுவிட்டுப் போனாரே, அன்றைக்கு நீ ஒன்றுமே பேசவில்லை. அடுப்பில் போட்டு எரித்தாய். எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் கீழ்வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். இங்கே பெரியவர்களையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது, மனசுக்குள் பாட்டி என்றே கூப்பிடுகிறேன். டிசம்பர் முதல் வாரம் அவர் பீரோ மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே காகித இதயங்கள், சாயம் போனவை, காது அறுந்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பேரும் வருசமும். அவர் அம்மா பின்னியது, தம்பி ஐந்து வயதில் பின்னியது, இறந்துபோன வீட்டுக்காரர் பின்னியது. ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெறும் காகிதம் அம்மா. எழுபது வருசம் இருக்கிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ உன் வாழ்நாளில் எத்தனை லட்சம் பெட்டி ஒட்டியிருப்பாய்? அதில் ஒன்றுகூட நம் வீட்டில் தங்கவில்லையே. எல்லாம் சாக்கில் கட்டிப் போய்விட்டது. எந்த ஊரில் யார் பற்றவைத்துத் தூக்கி எறிந்தார்களோ. அது கூலிக்குச் செய்தது, இது அன்புக்குச் செய்வது, அது வேறு இது வேறு என்று உன் மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பெட்டிகள்தான் எனக்கும் அக்காவுக்கும் பரீட்சைப் பணம் கட்டின. அந்த நகத்து நீவல்தான் இன்றைக்கு என் விரலில் இருக்கிறது. கிழிக்காமல், சுருங்காமல் தாளை மடிக்கிறாயே, எங்கே கற்றாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். எங்கள் அம்மாவிடம் என்றேன். சிவகாசியைப் பற்றியும், 1922-இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன அய்ய நாடார், சண்முக நாடார் பற்றியும், அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவருகிற காலண்டர் வெட்டுத்துண்டு பற்றியும் சொன்னேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது ஒரு ஒட்டுவேலை எங்கள் வீட்டில் நிரந்தரமாகிவிட்டது. ஞாயிறு மதியம் நானும் யாழினியும் மேசையில் உட்கார்ந்துவிடுவோம். பிறந்தநாளுக்குப் போனால் கடையில் பொருள் வாங்குவதில்லை, பழைய காலண்டர் தாளில் சின்னப் பெட்டி செய்து, உள்ளே வீட்டில் சுட்ட முறுக்கை வைத்துக் கொடுக்கிறோம். கடைப் பசைக்குச்சி கனத்த தாளைப் பிடிக்கவில்லை. உன் மைதாப் பசையைத்தான் கிண்டுகிறேன். குழந்தை கை வைப்பதால் துத்தம் போடுவதில்லை. மூன்று நாளில் புளித்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் கொஞ்சமாகத்தான். தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் மடிக்க வேண்டும், குறுக்கே மடித்தால் வெடிக்கும் என்று யாழினிக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உன் குரல் என்று தெரிந்தது.

இன்னொரு விசயம். இங்கே பிப்ரவரியில் பனிக்குள்ளிருந்து வெள்ளையாக, தலை குனிந்தபடி ஒரு சின்னப் பூ வரும். "வின்டர்கெக்". குளிர்காலத்தை ஏய்க்கிற பூ என்று வைத்துக்கொள். அது பூத்தால் ஈஸ்டர் வரைக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் "கெக்கெப்ரேவ்" அனுப்புவார்கள். தாளை நான்காக, எட்டாக மடித்து, ஓரமெல்லாம் வெட்டி விரித்தால் கோலம் மாதிரி இருக்கும். ஓட்டைகளுக்கு நடுவே ஒரு பாட்டு எழுதி, அந்தப் பூவில் ஒன்றை வைத்து அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் பேர் மட்டும் இருக்காது. பேரில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஈஸ்டருக்கு வாங்கினவர் முட்டை தர வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் அனுப்பினவர் தர வேண்டும்.

உனக்கும் அப்படி ஓர் உறை வரும், அம்மா. இந்தக் கடிதத்துக்குப் பின்னால் நாலைந்து நாள் கழித்து. நிஜப் பூ அவ்வளவு தூரம் தாங்காது என்று யாழினி காகிதத்திலேயே வெட்டி வைத்திருக்கிறாள். எத்தனை புள்ளி வைப்பது என்று அரைநாள் யோசனை. டேனிஷ் எழுத்தில் ஏழு வருகிறது, தமிழில் மூன்றுதான். அம்மாச்சிக்குத் தமிழ்தானே என்று மூன்றே வைத்தாள். பாட்டும் அவளே கட்டினதுதான், கடைசி அடிக்கு மட்டும் நான் கை கொடுத்தேன்:

பனியை முட்டி முளைச்சேன் நான்
பறந்து உன்கிட்ட வந்தேன் நான்
கண்ணை மூடி யோசிச்சுக்
கண்டுபிடி நான் யாருன்னு

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. போனில் அவள் கேட்டால் முதலில் அக்கா மகன் பேரைச் சொல், அப்புறம் எதிர்வீட்டுப் பிள்ளை பேரைச் சொல். தோற்றுப்போ. முட்டைக்குப் பதிலாகச் சாத்தூர்க் கருப்பட்டி மிட்டாய் கடன்பட்டிருப்பதாகச் சொல். இந்த வருசம் ஈஸ்டர் ஏப்ரல் 20. பார்சலுக்கு நாள் பிடிக்கும், மார்ச் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அந்தப் பார்சலில் எனக்கும் ஒன்று வை, அம்மா. ஒரே ஒரு தீப்பெட்டி, நீ ஒட்டினது. இப்போது எல்லாம் அட்டையில் மிஷினிலேயே வந்துவிடுகிறது, மரச்சீவல் எங்கே கிடைக்கும் என்பாய். கிடைக்காவிட்டால் அப்பா கொண்டுவருகிற வெட்டுத்துண்டில் செய். உள்பெட்டி, மேல்பெட்டி இரண்டும் வேண்டும். குச்சி வைக்காதே, விமானத் தபாலில் விடமாட்டார்கள். பின்பக்கத்தில் அக்காவிடம் கொடுத்து உன் பேரையும் வருசத்தையும் பென்சிலால் எழுதச் சொல். கீழ்வீட்டுப் பாட்டி எனக்கும் ஒரு தகரப் பெட்டி கொடுத்திருக்கிறார். அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.

அப்பாவிடமும் அக்காவிடமும் அன்பைச் சொல். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே.

உன் அன்பு மகள்,
சின்னவள்