கீதாரி ஆட்டை முக்கூர்த்திக்கு ஏற்றிவிட்டது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், ஆட்டுக்கொல்லி நோய் புகுந்தால் எத்தனை வரையாடு சாகும் என்று கணித்த கட்டுரையைப் படித்தேன். "கட்டுப்பாடில்லாத மேய்ச்சல் ஆடுகளே மலைக்கு நோயைச் சுமந்து போகின்றன" என்ற வரியிலேயே காபி ஆறிப்போனது. பக்கத்தில் படம் வேறு: எங்கள் பக்கத்துக் கிடை ஆடுகள், கம்போடு ஒரு கீதாரி, அதாவது ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர். அடியில் "நோய் பரப்பும் மந்தை".

சிவகங்கைச் சீமைக் கீதாரிகள் அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர் வயல்களுக்குக் கிடை போட, அதாவது எருவுக்காக ஆட்டை இரவில் வயலில் அடைக்க, போவார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அங்கே வரையாடு ஏது? இவர்களை எந்தப் பேருந்தில், வரையாடு வாழும் நீலகிரி முக்கூர்த்திக்கு ஏற்றிவிட்டார் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

34 வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆடும் வளர்க்கிறேன். நோய் எப்படிப் பரவும் என்று 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் போட்டுக் காட்டிய கணக்குதான் இந்தக் கணிப்புக்கெல்லாம் தாய்: நோய் ஒட்டக்கூடியவை, ஒட்டியவை, தேறியவை என்று மூன்று பட்டி. எல்லா ஆடும் எல்லா ஆட்டோடும் உரசும் என்று அது எடுத்துக்கொள்ளும். வரையாடு அப்படியா? சரிவுக்கொரு கூட்டம். பெரிய கிடாக்கள் பெரும்பாலும் தனியே திரிந்து, தென்மேற்கு மழைக்காலத்தில்தான் பெட்டைகளோடு சேரும். நோய் அப்போது புகுந்தால் ஒரு விடை, பிப்ரவரியில் குட்டியோடு நிற்கும்போது புகுந்தால் வேறு விடை. தமிழ்நாட்டில் 2024-ல் எண்ணிய 1,031 ஆட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, இத்தனை சாகும் என்று ஒற்றை எண்ணைத் தலைப்பில் போட்டீர்கள். மேலே கீழே எவ்வளவு தள்ளும் என்று ஒரு சொல் இல்லை. என் ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுதியிருந்தால் பாதி மார்க்.

வீட்டு ஆட்டிலிருந்து காட்டுக்கு நோய் தாவாது என்று நான் சொல்லவில்லை. மங்கோலியாவில் 2016-17-ல் ஆட்டுக்கொல்லி நோய் அப்படித் தாவித்தான் சைகா மான்களை வாரிக்கொண்டு போனது. அங்கத்துக் காட்டு மலையாடுகளும் தப்பவில்லை. ஆனால் அதே கணக்குக்கு அடுத்த வரி உண்டு. ஓர் ஆடு சராசரியாக 5 ஆட்டுக்கு ஒட்டவைக்கும் என்று வைத்துக்கொண்டால், 5-ல் 4 ஆட்டுக்கு ஊசி போட்டால் நோய் அடங்கும். பாறையேறி வரையாட்டைப் பிடித்து ஊசி போட முடியுமா? அடிவாரத்து வெள்ளாட்டுக்குத்தான் போட வேண்டும். அந்த வரியைக் கட்டுரையில் காணோம்.

இந்த நோய் இந்தியாவில் முதலில் தெரியவந்ததே 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த கிருமியிலிருந்தே தடுப்பூசியும் செய்தார்கள். ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். அப்படியிருந்தும் ஆறு வருடத்துக்கு முன் என் கொட்டிலில் 14 வெள்ளாடு போயிற்று. மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல், பத்தே நாள். மருந்தகத்தில் டாக்டர் பணியிடம் காலி. ஊசி வந்தது பதினாறாம் நாள், கருமாதிச் சாப்பாட்டுக்கு வந்தது போல.

அப்போது தங்களுக்கு எழுதிய கடிதம் அச்சில் வரவில்லை. அந்த வாரம் செட்டிநாட்டு மட்டன் சுக்காவுக்கு அரைப்பக்கம் கொடுத்திருந்தீர்கள். ஆட்டைத் தின்றால் இடமுண்டு போலும். போன வருடம் வரையாட்டை "மலை மான்" என்று எழுதினீர்கள். மாநில விலங்கு, ஐயா.

நான் கேட்பது பெரிதல்ல. அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம், இரண்டு வரி. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி முகாம் தேதிகளைச் சிவகங்கைப் பதிப்பில் முன்கூட்டியே போடுங்கள். இதுவரை முகாம் முடிந்த மறுநாள் ரிப்பன் வெட்டும் படம்தான் வருகிறது. காதுகுத்து விளம்பரத்துக்குக் கீழே மிஞ்சுகிற இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பள்ளத்தூர்