பிரேம் கடைச் சுவரில் இனி ஓவியமும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையின் இடப்பக்கச் சுவரில் தொங்கிய மாதிரிச் சட்டங்களைக் கழற்றி, வெள்ளையடித்து, மேலே இரண்டு விளக்குப் போட்டதிலிருந்து எல்லோரும் ஒரே கேள்வியைப் பலவிதமாகக் கேட்கிறீர்கள். "கடையைக் காலி செய்கிறீர்களா?" என்றார் ஒருவர். "சாமி படத்துக்கெல்லாம் இனிமேல் பிரேம் போட மாட்டீர்களாமே?" என்று போனில் வருத்தப்பட்டார் ஓர் அம்மா. இரண்டும் இல்லை. அந்தச் சுவரில் ஓவியம் மாட்டி விற்கப் போகிறோம். பிரேம் வேலை எப்போதும்போல நடக்கும். நடந்தே ஆக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான்கு வருடங்களுக்கு முன் ஓவியக் கல்லூரியில் படித்த ஒரு பையன் கண்காட்சிக்காக மூன்று ஓவியங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டு போனான். கண்காட்சி முடிந்ததும் இரண்டைத் திரும்பக் கொண்டுவந்து, "பிரேம் காசு அடுத்த மாதம் தருகிறேன், அதுவரை இங்கேயே இருக்கட்டும் அண்ணா" என்று மூலை வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். அதில் ஒன்று, கோடைக்காலத் தண்ணீர் லாரி. குடங்களுக்கு மட்டும் வண்ணம். பச்சை, ஆரஞ்சு, ஊதா. வரிசையில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் வெறும் பென்சில் கோடு. மகள் கல்யாணப் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெரியவர் அதன் முன்னால் பத்து நிமிடம் நின்றார். எங்கள் ஊழியர் தேநீர் கொடுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு, "இது என்ன விலை?" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. பையனுக்குப் போன் போட்டோம். அவனுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிரேம் காசு வந்தால் போதும் அண்ணா" என்றான்.

அந்தப் பதில் தொண்டையில் முள்போல நின்றுவிட்டது. நாற்பது நாள் வரைந்தவன், நாங்கள் ஒரு மணி நேரத்தில் அடித்த நாலு மரத்துண்டின் விலையைத்தான் தன் படத்துக்குக் கேட்டான்.

அப்போதுதான் கேகூ காந்தி நினைவுக்கு வந்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத பெயர். மகாத்மாவுக்கு உறவில்லை, பம்பாய்ப் பார்சி. 1920இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்திருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கிவிட்டார். படச்சட்டத் தொழில் தெரிந்த ரோஜர் வான் டாம் என்ற பெல்ஜியரின் பழக்கம் கிடைக்க, 1941இல் படச்சட்டம் செய்யும் தொழிலில் இறங்கினார். நிறுவனத்தின் பெயர் கெமோல்ட். கெமிக்கல், மோல்டிங் என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. நீள நீளமாகக் கட்டி வரும் சட்டப் பட்டையை நாங்கள் இன்றும் மோல்டிங் என்றுதான் சொல்கிறோம். பின்னாளில் இந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களுள் ஒன்றாக ஆன கேலரியின் பெயருக்குள், பட்டறைச் சொல் ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்பதில் எங்களுக்கு அற்பப் பெருமை உண்டு.

பிரேம் கடைக்கு ஓவியன் வராமல் இருக்க முடியாது. அவருடைய கடைக்கும் வந்தார்கள். கே.எச். ஆரா, வீட்டு வேலை செய்து பிழைத்தவர். எம்.எப். உசேன், சினிமா விளம்பரப் பலகை வரைந்தவர். அப்புறம் எஸ்.எச். ரசா. அன்று இவர்களின் படத்தை மாட்ட பம்பாயில் இடம் குறைவு. வாங்க ஆள் அதைவிடக் குறைவு. காந்தி செய்தது மிக எளிய காரியம். சட்டம் மட்டும் மாட்டியிருந்த தன் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் இவர்களின் ஓவியங்களையும் மாட்டினார். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

ஹிட்லருக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர்கள் அப்போது சிலர் இருந்தார்கள். வியன்னா ஓவியர் வால்டர் லாங்காமர், படம் சேகரித்த இமானுவேல் ஷ்லேசிங்கர் போன்றவர்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்து ஓவிய விமர்சனம் எழுதிய ருடால்ஃப் வான் லெய்டனும் அந்த வட்டத்தில் உண்டு. இவர்கள் பேசிப் பேசி இளைஞர்களுக்கு ஊக்கம் கொடுத்தார்கள், எழுதினார்கள், காசு கொடுத்தும் வாங்கினார்கள். தஞ்சம் தேடி வந்தவர்கள் நம் ஓவியர்களுக்குத் தோள் கொடுத்த கதை தனியாகச் சொல்ல வேண்டியது. இங்கே இடம் போதாது.

1952இல் பம்பாயின் காலா கோடா பகுதியில் ஜகாங்கீர் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அது உருவாகப் பாடுபட்டவர்களில் காந்தியும் ஒருவர். 1963இல் அதே கட்டடத்தின் மாடியில் சிறிய இடம் பிடித்து கேலரி கெமோல்ட் தொடங்கினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் மனைவி கோர்ஷெத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அது நியாயமில்லை. கேலரியை அன்றாடம் கட்டி ஆண்டவர் அவர்தான். எந்தக் கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கடையின் உண்மை நிலை தெரியும்.

தையப் மேத்தா, பூபேன் கக்கர், நளினி மலானி என்று அங்கே காட்சிப்படுத்தியவர்களின் வரிசை நீளும். எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1975இல் ஜீவ்யா சோமா மாஷே என்ற வார்லிப் பழங்குடி ஓவியரின் படங்களை அங்கே மாட்டினார்கள். வார்லி ஓவியம் கல்யாண வீட்டு மண்சுவரில் பெண்கள் அரிசி மாவால் வரைவது. நம் வாசல் கோலத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அதைத் தாளில் ஏற்றி, நகரத்து ஓவியனின் படத்துக்குக் கொடுக்கும் அதே சுவரில் அதே மரியாதையுடன் மாட்டியது அன்று சின்ன விஷயமில்லை.

இப்போது எங்கள் கணக்குக்கு வருகிறோம். கேலரி என்றவுடன் கோடிக்கணக்கில் புரளும் ஏலம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. காந்தியின் கேலரி பல காலம் தன் காலில் நிற்கவில்லை. அதைத் தாங்கியது பிரேம் தொழில். சட்டம் விற்ற காசில்தான் ஓவியம் சுவரில் நின்றது. நம்மூரிலும் இதே கதைதான். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் வயிற்றைக் கழுவிக்கொண்டு ஓவியம் வரைந்தார்கள்.

ஆகவே, சாமி படம், பட்டமளிப்பு விழாப் படம், தாத்தா பாட்டி படம் எதையும் நாங்கள் விடப் போவதில்லை. அந்தச் சுவருக்கு மாத வாடகை கட்டப் போவது அவைதான். அதற்காகப் பிரேம் விலையை ஏற்றவும் மாட்டோம். மரம் விலை ஏறினால் ஏறும். அது வேறு சங்கதி.

சுவர் எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நேரத்தில் ஒரே ஓவியர், ஆறேழு படங்கள், ஒரு மாதம். விலை படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பேரமும் கிடையாது. சட்டத்தில் பேரம் பேசுங்கள், படத்தில் வேண்டாம். விற்ற பணத்தில் நூற்றுக்கு எழுபது ஓவியருக்கு, முப்பது கடைக்கு. பிரேம் செலவு எங்களுடைய முப்பதிலிருந்து போகும். பணம் வந்த ஒரு வாரத்துக்குள் ஓவியர் கைக்குப் போய்விடும். வாங்குகிறவர் மூன்று மாதத் தவணையில் கட்டலாம், வட்டி இல்லை. ரசீதோடு, படத்தின் பெயர், அளவு, எதில் வரைந்தது, எந்த ஆண்டு என்று எழுதி ஓவியர் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் தருவோம். படத்தைவிட அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

"இது பின்னால் விலை ஏறுமா?" என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வோம். காந்தியின் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. விலை ஏறும் என்று அடித்துச் சொல்கிற ஒருவரிடம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிய படத்தைப் போன வருடம் சட்டம் மாற்றக் கொண்டுவந்தார். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், அச்சடித்த படத்தின்மேல் அங்கங்கே தூரிகையால் பசை தடவி மேடு பள்ளம் காட்டியிருந்தார்கள். பூதக்கண்ணாடியில் அச்சுப் புள்ளி தெரிந்தது. அவரிடம் அதைச் சொல்ல எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வீட்டில் ஐந்து வருடம் பார்த்துக்கொண்டே இருக்கச் சம்மதமா என்று மட்டும் யோசித்து வாங்குங்கள். இரண்டு நாள் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும் அனுமதி உண்டு. ஈரச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை எந்த ஓவியனுக்கும் மரியாதை கொடுக்காது.

முதல் மாதம், தண்ணீர் லாரி வரைந்த பையன். பையன் என்கிறோம், இப்போது பள்ளியில் ஓவிய ஆசிரியர். அந்தப் படத்தைப் பெரியவர் அன்றே வாங்கிக்கொண்டு போய்விட்டார். விலையை நாங்கள் மூவரும் சேர்ந்து போனிலேயே முடிவு செய்தோம். பிரேம் காசைப் போலப் பல மடங்கு. புதிய படங்கள் ஆறு வந்திருக்கின்றன. எல்லாமே பேருந்து நிறுத்தங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து முதல் இரவு எட்டு வரை பார்க்கலாம். வாங்காமல் பார்த்துவிட்டுப் போனாலும் முகம் சுளிக்க மாட்டோம்.

இடம் நெருக்கடியாகிவிட்டதால் ஒரு வேண்டுகோள். சட்டம் போட்டு முடித்து, ஆறு மாதத்துக்கு மேலாக யாரும் வாங்கிப் போகாத படங்கள் பதினேழு இருக்கின்றன. அதில் ஒன்பது, தாத்தாக்கள். ரசீது தொலைந்துபோயிருந்தாலும் வாருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே எந்தத் தாத்தா என்று எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பிரேம் கடை