லூத்தர் எதிர்த்தது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்திருத்தத் திருநாளையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1517இல் நடந்ததை மூன்றே வரியில் முடித்துவிட்டது. போப்பாண்டவர் காசுக்குப் பாவமன்னிப்பு விற்றார், ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் அதை எதிர்த்துத் தன் 95 குறிப்புகளைக் கோயில் கதவில் ஆணியடித்தார், திருச்சபை உடைந்தது. பள்ளிப் பாடநூலிலும் ஏறக்குறைய இதுவேதான். முதல் வரி பாதிதான் சரி. ஆணியடித்த கதையை 1961இல் எர்வின் இசர்லோ என்ற கத்தோலிக்க வரலாற்றாசிரியர் கேள்விக்குள்ளாக்கியதிலிருந்து வரலாற்றாசிரியர்களிடையே வாதம் ஓயவில்லை. 1517 அக்டோபர் 31 தேதியிட்டு மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு லூத்தர் எழுதிய கடிதம் மட்டும் ஐயமற்றது. உடைவோ மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து வந்தது, அதுவும் வேறொரு கேள்வியின் மேல்.

முதலில் கோட்பாடு. கத்தோலிக்கப் போதனையில் பாவத்துக்கு இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று குற்றமும் அதற்குரிய நித்திய ஆக்கினையும். மனஸ்தாபப்பட்டு, அதாவது மனம் வருந்தி, குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தால், அவருடைய பாவமன்னிப்பால் இது நீங்கும். மற்றது அநித்திய ஆக்கினை, அதாவது மன்னிப்புக்குப் பிறகும் தீர்க்க வேண்டிய பரிகாரம். அண்டை வீட்டுச் சுவரை இடித்தவனை அந்த வீட்டுக்காரர் மன்னித்துவிடலாம். சுவர் தானாக எழும்பிவிடாது. இந்தப் பரிகாரத்தை இம்மையில் தவத்தாலும் தருமத்தாலும் தீர்க்கலாம், மீதியை, இறந்த பின் மோட்சத்துக்கு முன் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கும் தலத்தில் தீர்க்க வேண்டும். சர்ச்சைக்குள்ளான பரிபூரண பலன் (plenary indulgence) என்பது இந்த இரண்டாவது கடனைத்தான் தள்ளுபடி செய்கிறது. குற்றத்தை அது தொடுவதேயில்லை. கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியக் கருவூலத்திலிருந்து இந்தத் தள்ளுபடி வழங்கப்படுகிறது என்றும், கருவூலத்தின் திறவுகோல் போப்பிடம் இருக்கிறது என்றும் ஆறாம் கிளெமென்ட் 1343இல் அறிவித்தார். 1476இல் நான்காம் சிக்ஸ்டஸ் அந்தப் பலனை இறந்தோருக்கும் நீட்டினார். ஆனால் இறந்தவர்மேல் போப்புக்கு நேரடி அதிகாரம் இல்லை என்பதால், மன்றாட்டு முறையில்தான் அது அவர்களைச் சேரும் என்று எழுதினார். இந்த ஒற்றை நிபந்தனைதான் பின்னால் பிரசங்க மேடையில் காணாமல் போனது.

இனிப் பணம். பிராண்டன்பர்க் அரச குடும்பத்து ஆல்பிரெக்ட் 1513இல் மாக்டபர்க் பேராயரானார், மறு ஆண்டு மைன்ஸ் பேராயரும் ஆனார். வயது 25கூட நிரம்பவில்லை. சட்டப்படி ஆயருக்கு 30 ஆகியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு மறைமாவட்டம்தான். இரண்டுக்கும் விதிவிலக்கு வேண்டும், விதிவிலக்குக்குக் கட்டணம் உண்டு. போதாதற்கு 1504க்கும் 1514க்கும் இடையில் மைன்ஸில் மூன்று பேராயர்கள் இறந்திருந்தார்கள். புதியவர் வரும்போதெல்லாம் ரோமுக்குப் பணம் கட்டி மறைமாவட்டம் நொடித்துப்போயிருந்தது. தானே கட்டிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டதால்தான் ஆல்பிரெக்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வங்கியிடம் அவர் வாங்கிய கடன் 29,000 ரைன் கில்டர் (அன்றைய ஜெர்மன் பொற்காசு). அதை அடைக்கப் போப் பத்தாம் லியோ வழி செய்தார்: புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கான பலனை ஆல்பிரெக்டின் பகுதிகளில் எட்டு ஆண்டு பிரசங்கித்துக் காணிக்கை வசூலிக்கலாம், வசூலில் பாதி ரோமுக்கு, பாதி கடனுக்கு. அந்தப் பலனைப் பிரசங்கித்த தொமினிக்கன் துறவி யோகான் டெட்சலின் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஃபுக்கர் வங்கியின் ஆள் நின்று கணக்கெழுதினார். கொடுத்த மக்களுக்கு இந்தப் பாதிப் பங்கு தெரியாது.

ஆல்பிரெக்ட் பெயரில் பிரசங்கிகளுக்கு வந்த வழிகாட்டுக் குறிப்பை அவசியம் வாசிக்க வேண்டும். காணிக்கை அளவு அதில் இருக்கிறது: அரசர், பேராயர், ஆயருக்கு 25 பொற்கில்டர். சாதாரண வணிகருக்கு 3. குடும்பமுள்ள கைவினைஞருக்கு 1. அதற்கும் கீழே இருப்பவருக்கு அரை. கையில் காசே இல்லாதவர் செபமும் உபவாசமும் கொடுத்தால் போதும், மோட்சம் பணக்காரருக்கு மட்டும் திறந்ததல்ல என்றும் அதிலேயே இருக்கிறது. டெட்சலை வெறும் தரகராகக் காட்டுபவர்கள் இந்த வரியைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

அதே குறிப்பு நான்கு வரங்களைச் சொல்கிறது. முதலாவதான முழு மன்னிப்புக்கு மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் கட்டாயம். இரண்டாவது ஒரு கடிதம். அதை வைத்திருப்பவர் தனக்குப் பிடித்த குருவைத் தெரிந்துகொண்டு, சாதாரணமாக ஆயரோ போப்போ மட்டும் மன்னிக்கக்கூடிய பாவங்களுக்கும் அவரிடமே மன்னிப்புப் பெறலாம். நம் பாடநூல்கள் சொல்லும் ‘சீட்டு’ பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, திருச்சபையின் செபதவங்களில் பங்கு. பழுது நான்காவதில் இருந்தது: உத்தரிக்கும் தலத்து ஆன்மாவுக்காகப் பெட்டியில் போடுபவர் மனஸ்தாபப்படவும் வேண்டாம், பாவசங்கீர்த்தனம் செய்யவும் வேண்டாம், காணிக்கை மட்டும் போதும் என்று எழுதப்பட்டிருந்தது. சிக்ஸ்டஸ் மன்றாட்டு என்றது, மேடையில் உறுதிப் பத்திரம் ஆகிவிட்டது. பெட்டியில் காசு ஒலித்ததும் ஆன்மா பறக்கும் என்ற பேச்சுக்கு இதுதான் இடம் கொடுத்தது.

லூத்தர் இருந்த விட்டன்பர்குக்குள் டெட்சல் வரவேயில்லை. சாக்சனி இளவரசர் பிரெடரிக் அனுமதிக்கவில்லை. சீர்திருத்த ஆர்வம் காரணமல்ல. அவரிடமே 1520 கணக்குப்படி 19,013 திருப்பண்டங்கள் (புனிதர்களின் எலும்பு போன்ற எச்சங்கள்) இருந்தன, அவற்றைத் தரிசிப்பவருக்கும் பலன் உண்டு. வெளியூர்ப் போட்டி அவருக்கு வேண்டாம். விட்டன்பர்க் மக்கள்தான் எல்லை தாண்டி யூட்டர்போக் போய் வாங்கிவந்தார்கள்.

95 குறிப்புகளை முழுக்க வாசித்தவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. 71ஆவது, போப்பின் பலன்கள் உண்மையென்பதை மறுப்பவன் சபிக்கப்பட்டவன் என்கிறது. 38ஆவது, போப்பின் மன்னிப்பை இகழக்கூடாது என்கிறது. 26ஆவது, இறந்தோருக்கு மன்றாட்டு முறையில் போப் செய்வது நல்லது என்று சிக்ஸ்டஸோடு ஒத்துப்போகிறது. அவர் அடித்தது வேறு இடத்தில். 5ஆவது: தானோ திருச்சபைச் சட்டமோ விதித்த தண்டனையைத் தவிர வேறெதையும் போப் தள்ளுபடி செய்ய முடியாது. 35ஆவது நேராக அந்த நான்காவது வரத்தின்மேல்: மனஸ்தாபம் வேண்டாம் என்று போதிப்பது கிறிஸ்தவமே அல்ல. 36ஆவது: மெய்யாக மனம் வருந்தும் கிறிஸ்தவனுக்குக் கடிதம் இல்லாமலே முழு மன்னிப்பு உண்டு. 82ஆவது பாமர மக்களின் கேள்வி என்று சொல்லி ஒன்றை வைக்கிறது: கட்டடத்துக்கான காசுக்காக ஆன்மாக்களை விடுவிக்க முடிந்த போப், அன்பினிமித்தம் உத்தரிக்கும் தலத்தையே ஏன் காலி செய்யக்கூடாது?

ரோமிலிருந்து வந்த பதில்தான் சண்டையின் திசையைத் திருப்பியது. 1518இல் போப்பின் அரண்மனை இறையியலர் பிரியேரியாஸ், பலன்கள் விஷயத்தில் ரோமைத் திருச்சபை உண்மையில் செய்துவருவதைச் செய்ய அதற்கு உரிமையில்லை என்பவன் பதிதன் (திருச்சபைக் கொள்கைக்கு எதிரானவன்) என்று எழுதினார். நியாயம் கேட்டவனிடம் அதிகாரத்தைக் காட்டியது அது. அந்த விவகாரத்திலேயே ஆகப் பெரிய தவறு அதுதான் என்பது என் கருத்து. அக்டோபரில் ஆக்ஸ்பர்கில் கர்தினால் கயெத்தான், 1343 ஆணையைக் காட்டிக் கருவூலத்தை ஒத்துக்கொள் என்றார். போப்பின் ஆணை வேதத்துக்குக் கீழ்தான் என்றார் லூத்தர். 1519 லைப்சிக் வாதத்தில் கத்தோலிக்க இறையியலர் யோகான் எக் அவரை மெல்ல மெல்ல இழுத்து, 1415இல் செக் சீர்திருத்தக்காரர் யான் ஹுஸைச் சுட்டெரித்த கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கமும் தவறியிருக்கலாம் என்று சொல்ல வைத்தார். போப்பும் தவறலாம், பொதுச்சங்கமும் தவறலாம் என்றால் கடைசித் தீர்ப்பு யாருடையது? போப்பின் 1520 ஜூன் 15 ஆணை லூத்தரின் 41 கூற்றுகளைக் கண்டித்து 60 நாள் கெடு வைத்தது. டிசம்பர் 10 அன்று லூத்தர் அதைத் தீயிலிட்டார். 1521 ஜனவரி 3 அன்று சபைநீக்கம் வந்தது. அதற்குள் சண்டை காணிக்கைப் பெட்டியை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

பணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையே வெட்டியெறிந்தது. சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கூடிய கத்தோலிக்கத் திரிதெந்து பொதுச்சங்கம் 1562இல் காணிக்கை வசூலிக்கும் பதவியையே ஒழித்தது. 1563 டிசம்பரில் பலன்கள் பேரில் வரும் இழிவான ஆதாயத்தைத் தடைசெய்தது. ஐந்தாம் பயஸ் 1567இல் கட்டணத்தோடு கூடிய எல்லாப் பலன்களையும் ரத்து செய்தார். 450 ஆண்டுக்கு மேலாகியும் ‘கத்தோலிக்கர் மன்னிப்பை விற்கிறார்கள்’ என்று நம் ஊர்ச் சுவிசேஷக் கூட்டங்களில் முழங்குகிறார்கள். காணிக்கை அனுப்பினால் குடும்பச் சாபம் அறுபடும் என்று தொலைக்காட்சியில் பேசுவோரும் அந்த மேடைகளில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்; டெட்சலிடமாவது ஏழைக்கு விலக்கு இருந்தது.

பலன்கள் இன்றும் உண்டு. 1967இல் ஆறாம் பவுல் விதிகளைத் திருத்தி, நாள் கணக்கையும் ஆண்டுக் கணக்கையும் எடுத்துவிட்டார். பழைய செபப்புத்தகங்களில் ‘300 நாள் பலன்’ என்று இருப்பது உத்தரிக்கும் தலத்தில் 300 நாள் குறையும் என்பதல்ல. ஆதித் திருச்சபையில் 300 நாள் தவம் செய்தவருக்குக் கிடைத்த அளவு பரிகாரம் என்பதே அதன் பொருள். இன்றைய முறைப்படி பரிபூரண பலனுக்குக் குறிப்பிட்ட செயல் ஒன்று வேண்டும்: அரைமணி நேரம் திருநூல் வாசிப்பு, ஆலயத்தில் செபமாலை, சிலுவைப்பாதை, நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைச் சந்திப்பு போன்றவை. கூடவே பாவசங்கீர்த்தனம், நற்கருணை, போப்பின் கருத்துக்காகச் செபம். இவை முன்பின் சுமார் 20 நாளுக்குள் இருக்கலாம். ஒரு பாவசங்கீர்த்தனம் பல பலன்களுக்குப் போதும். நற்கருணையும் செபமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும். பொதுவாக நாளுக்கு ஒன்றுதான். தனக்கோ இறந்தவருக்கோ ஒப்புக்கொடுக்கலாம், உயிரோடிருக்கும் இன்னொருவருக்கு முடியாது. கல்லறைச் சந்திப்பின் பலன் இறந்தோருக்கு மட்டுமே. பெரும்பாலும் தட்டிப்போவது கடைசி நிபந்தனையில்: அற்பப் பாவத்தின் மீதும் பற்றில்லாத மனம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிடைப்பது பகுதிப் பலன்தான். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியோடு வரும் எத்தனை பேருக்கு இந்த நிபந்தனை சொல்லப்படுகிறது?

மறுபக்கக் கேலியும் தவறு. ‘விசுவாசித்தால் போதும், பிறகு எப்படியும் வாழலாம்’ என்று லூத்தரன் சபை போதிக்கவில்லை. 95இன் முதல் குறிப்பே வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதல் என்கிறது. லூத்தரன் தரப்பின் விசுவாச அறிக்கையான 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 6ஆவது பிரிவு விசுவாசம் நற்கனி தரவேண்டும் என்கிறது. 11ஆவது, தனிப்பட்ட பாவ அறிக்கையைத் தொடரச் சொல்கிறது. அதேபோல, செயல்களால் மட்டும் மோட்சம் என்று திரிதெந்து சொல்லவில்லை. 1547இல் நீதிமானாக்கப்படுதல், அதாவது கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது, பற்றி அது வெளியிட்ட 33 கண்டனங்களில் முதலாவதே, கிருபையின்றித் தன் செயல்களால் ஒருவன் நீதிமானாகலாம் என்பவர்மீதுதான்.

இந்த அடிப்படையில்தான் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபைகளும் சேர்ந்துகொண்டன. தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இந்தச் சம்மேளனத்தின் உறுப்பு. தமிழ்நாட்டு வாசகருக்கு இது எங்கோ நடந்த செய்தி அல்ல. எல்லா லூத்தரன் சபைகளும் இதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் மனிதனுக்குள் மிஞ்சும் தீய நாட்டத்தைப் பாவம் என்றே லூத்தரன் தரப்பு சொல்கிறது. அது பாவத்துக்கு இழுக்கிறது, பாவமல்ல என்கிறது கத்தோலிக்கத் தரப்பு. இந்த வேறுபாடு அறிக்கைக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

தீராதவை எவை என்று அதன் 43ஆவது பத்தி பட்டியலிடுகிறது: வேதத்துக்கும் சபைப் போதனைக்கும் உள்ள உறவு, திருச்சபை என்பது என்ன, அதில் அதிகாரம் யாருக்கு, குருத்துவம், அருளடையாளங்கள். அதாவது கயெத்தானும் எக்கும் எழுப்பிய கேள்விகள். கிருபையைப் பற்றிக் கையெழுத்திட்ட இரு தரப்பாரும் இன்றுவரை ஒரே பீடத்தில் சேர்ந்து நற்கருணை கொண்டாட முடியாததற்கு முக்கியக் காரணம், லூத்தரன் போதகரின் அருட்பொழிவை ரோம் முழுமையானதாக ஏற்காததுதான். அடுத்த அக்டோபரில் கட்டுரை வெளியிடும்போது, டெட்சலுக்கு ஒரு பத்தி போதும். மீதி இடத்தை இதற்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை