எங்களையும் உடன் அமர்த்திக்கொண்டவர்களுக்கு

சாப்பல் ஹில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆட்டிசம் (மதியிறுக்கம்) உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணைநிற்கும் டீச் திட்டத்தில் பணியாற்றும், பணியாற்றிய பெருமதிப்பிற்குரிய அனைவருக்கும்,

வணக்கம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு இந்த மாதம் இருபத்தொரு வயது நிறைகிறது. அவனுடைய நான்காம் வயதில் உங்கள் மையத்தின் படியேறிய நாள்முதல் சொல்ல நினைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வேலையில் தள்ளிப்போன நன்றியை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று இம்மடலை எழுதுகிறேன். ஆங்கிலப் படியைத் தனியே அனுப்பியிருந்தாலும், தமிழில் எழுதினால்தான் நான் பட்ட கடனில் ஒரு பங்கேனும் தீரும்.

உங்களிடம் வருவதற்கு முன் வேறோர் ஊரில் பார்த்த மருத்துவர், நான் வேலைக்குப் போகத் தொடங்கிய மாதத்தையும் மகன் பேச்சை நிறுத்திய மாதத்தையும் அருகருகே எழுதி, எல்லாம் என்னால்தான் என்பதுபோல் கீழே ஒரு கோடு இழுத்தார். வீட்டில் தமிழ் பேசுவதையும் நிறுத்தச் சொன்னார். என் மாமியாருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அடுத்த ஐந்து மாதமும் அவர் பேரனுக்கு வாய் திறவாமலே சோறூட்டினார்.

உங்கள் மையத்தில் முதல் நாள், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் எங்கள் மகனோடு தரையில் அமர்ந்திருக்க, இப்பால் இன்னொருவர் எங்களோடு அமர்ந்து, அங்கே நடப்பது என்ன, ஏன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் நாங்கள் உள்ளே சென்றோம். அவர்கள் வெளியிலிருந்து பார்த்தார்கள். தமிழைப் பற்றி நான் தயங்கிக் கேட்டபோது, இருமொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை, பாட்டியைப் பேசச் சொல்லுங்கள் என்றார் எங்களோடு அமர்ந்திருந்த அம்மையார். அன்றிரவு என் மாமியார் அவனிடம் பேசி ஓயவில்லை.

பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எவ்வளவு போராடி வந்தது என்பதைப் பிற்பாடே தெரிந்துகொண்டேன். தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் புரூனோ பெட்டல்ஹைம் போன்றோர் ஓங்கிச் சொல்லிவந்த காலத்தில், அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற உளவியலர் எரிக் ஷாப்லர் அதை ஏற்க மறுத்தார். 1966இல் ராபர்ட் ரைக்லருடன் சாப்பல் ஹில்லில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கி, பெற்றோரைச் சிகிச்சையில் பங்காளிகளாக்கிக் காட்டினார். ஆய்வுக்கான நிதி தீரும் நிலை வந்தபோது மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள் பெற்றோர்களே. 1972இல் அது மாநிலம் முழுமைக்குமான டீச் திட்டமாயிற்று. அந்தத் தாய் தந்தையரில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இம்மடலின் முதல் நன்றி அவர்களுக்கே உரியது.

மகனின் பயிற்சிக்கு நீங்கள் தந்த அட்டைப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காலி செருப்புப் பெட்டி ஒன்றின் இடப்புறத்தில் பத்துத் துணிக்கிளிப்புகள், வலப்புறத்தில் அவற்றை மாட்ட ஓர் அட்டை. மாட்டி முடித்ததும் பெட்டி முழுவதும் 'முடிந்தது' என்று எழுதிய கூடைக்குள் போகும். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன என்ற நான்கும் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அவனுக்கு அலறத் தேவையில்லாமல் போயிற்று. வாயால் சொன்னது காற்றில் கரைந்துவிடும், படம் அங்கேயே இருக்கும் என்று நீங்கள் விளக்கினீர்கள். எங்கள் சமையலறைச் சுவரில் பல்துலக்கி, தோசைக்கல், பள்ளிப் பேருந்து என்று படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டன. தோசைக்கல் படத்தை அவன் கழற்றிப் பாட்டியின் கையில் கொடுத்ததுதான் அவன் முதன்முதலாகக் கேட்டு வாங்கிய உணவு. முதல் தோசை சற்றுக் கருகியிருந்தது. அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

குழந்தைப் பருவத்தோடு நீங்கள் நின்றுவிடாததற்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆட்டிசம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி சிறுவர்களையே சுற்றிவரும்போது, முன்பு டீச்சுக்கு வந்துபோன குழந்தைகள் நடுவயதில் எப்படி வாழ்கிறார்கள் என்று உங்கள் ஆய்வாளர்கள் தேடிச் சென்று கேட்டார்கள். எனக்குப் பின் இவனுக்கு யார் என்று இரவில் விழித்துக் கிடக்கும் எவருக்கும் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் இளைஞர்களை ஆயத்தப்படுத்த, சமுதாயக் கல்லூரிகளில் நீங்கள் நடத்தும் டி-ஸ்டெப் வகுப்பில் அவன் சேர்ந்தான். மனம் கலங்கும்போது என்ன செய்வது, உதவியை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அங்கே பாடமாகவே கற்றான். இப்போது ஒரு மளிகை அங்காடியின் பின்கட்டில் வாரம் மூன்று நாள் சரக்கு அடுக்குகிறான். வேலை வரிசையைத் தன் கைப்பேசியில் தானே எழுதிக்கொள்கிறான்.

எங்கள் மகனோடு தரையில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும், ஆண்டுதோறும் தொலைபேசியில் பொறுமையாக வினாக்கள் கேட்ட ஆய்வு மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. இன்னும் நல்ல நிலையில் உள்ள ஆறு பெட்டிகளை, துணிக்கிளிப்புகளை எண்ணிச் சரிபார்த்து, வரும் வியாழக்கிழமை மையத்தில் கொண்டுவந்து தருகிறோம். அடுத்து வரும் குடும்பத்திடம் சேர்த்துவிடுங்கள்.

என்றும் நன்றியுடன்,
ஒரு தாய்
கேரி, வட கரோலினா