ஃபைஃபுக்கு, பத்தாவது மார்ச் 22 அன்று

அன்புள்ள ஃபைஃப்,

மார்ச் 22 வந்தால், 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் ராப்பரான உன்னைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நீ வளர்ந்த நியூயார்க் தெருவான லிண்டன் புல்வார்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்வானேன்? 2016-இல் இதே நாளில் நீ போன பிறகு ட்ரைபின் அந்தக் கடைசி ஆல்பத்துக்கு என்ன ஆனது என்பதுதான் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு வழக்கும் இருக்கிறது.

அந்த வருடம் நவம்பர் 11, வெள்ளிக்கிழமை வெளியானது. 'வி காட் இட் ஃப்ரம் ஹியர்... தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்' என்று நீ வைத்த பெயரை, குழுவை முன்னின்று நடத்திய உன் நண்பன் டிப் (க்யூ-டிப்) மாற்றவில்லை. என்ன அர்த்தம் என்று நீ யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கேட்டவர்களிடம் டிப் தனக்கும் தெரியாது என்றே சொன்னான். பதினாறு பாட்டு. உங்கள் முந்தைய ஆல்பமான 'தி லவ் மூவ்மென்ட்' வந்து பதினெட்டு வருடம் கழித்து வந்தும், முதல் வாரத்திலேயே 1,35,000 ஆல்பம் விற்றதற்குச் சமமான கணக்கோடு அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200-இல் முதலிடம். 1996-க்குப் பிறகு ட்ரைபுக்கு அந்த இடம் அப்போதுதான் கிடைத்தது. நவம்பர் 19 அன்று, உன் பிறந்த நாளுக்கு முந்தின நாள், லிண்டன் புல்வார்டும் 192-ஆம் தெருவும் சந்திக்கிற முனைக்கு உன் பெயரை வைத்தார்கள்.

இதெல்லாம் நல்ல செய்தி. ஆனால் ஆல்பம் வந்த நாளுக்கு மூன்று நாள் முன்புதான் டிரம்ப் தேர்தலில் ஜெயித்திருந்தார். ஆல்பத்தின் தலையெழுத்தை அந்த மூன்று நாள்தான் எழுதியது. 'வி த பீப்பிள்' பாட்டின் ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வருகிற வரிகள், யார் யாரையெல்லாம் நாட்டைவிட்டு விரட்டலாம் என்று பட்டியல் போடுகிற வெறுப்புக் குரலை அப்படியே எடுத்துப் பாடுகின்றன. தேர்தலுக்கு முன்பே பதிவாகிவிட்ட பாட்டு. முடிவு வந்த ராத்திரி எழுதியதுபோல் ஒலித்தது. கடைசிப் பாட்டு 'தி டொனால்ட்' என்ற பெயரைப் பார்த்து அதில் டிரம்பைத் தேடியவர்கள் உண்டு. அது உனக்கான பாட்டு. ஆக, பாதிப் பேர் எதிர்ப்பு ஆல்பம் என்றார்கள், மீதிப் பேர் இரங்கல் ஆல்பம் என்றார்கள். நீ நன்றாக ராப் செய்திருக்கிறாய் என்பதை உரக்கச் சொன்னவர்கள் குறைவு. என் வழக்கு இதுதான்.

நவம்பர் 12 ராத்திரியைச் சொல்லியாக வேண்டும். 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி, அன்றைக்கு டேவ் சப்பெல் தொகுத்து நடத்தியது. டிப்பும் குழுவின் இன்னொரு ராப்பரான ஜரோபியும் மேடையில். 'வி த பீப்பிள்' போகிறது. உன் வெர்ஸ், அதாவது நீ ராப் செய்கிற பகுதி, வருகிற இடத்தில் உன் பதிவுக் குரல் ஓடுகிறது. பின்னால் உன் முகம் வரைந்த பெரிய துணி இறங்குகிறது. பீட் மாறவில்லை, சத்தத்தைக் குறைக்கவில்லை, மெல்லிசை எதையும் நடுவில் செருகவில்லை. உன் பங்கு முழுசாக வந்தது. ஒரு ராப்பருக்கு மேடையில் செய்யக்கூடிய மரியாதை அதற்கு மேல் கிடையாது: அவனுடைய பார்களை (தாளக்கட்டுக்கு ஒன்றாக வருகிற வரிகளை) எண்ணிக்கை குறையாமல் அவனிடமே விட்டுவிடுவது. ஆனால் பார்த்தவர்கள் துணியைத்தான் பார்த்தார்கள். அழுதார்கள். அந்த வெர்ஸில் நீ என்ன சொன்னாய் என்று அடுத்த நாள் கேட்டிருந்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் உண்டு. 'கான்ராட் டோக்கியோ'வில் டிரம்பையும் அதே நிகழ்ச்சியின் சிரிப்பையும் சேர்த்துச் சாடுகிறாய்; இது கெட்ட காலம், காமெடிக்கு நேரமில்லை என்கிறாய். நீ சாடிய அதே மேடையில்தான் உன் குரல் ஒலித்தது. அந்தப் பாட்டில் கென்ட்ரிக் லமார் உனக்குப் பின்னால்தான் வருகிறார். அவர் அப்போது உச்சத்தில் இருந்தார். நீ அவரோடு போட்டி போடவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. வார்த்தையை பீட்டின் மேல் சற்றுச் சாய்த்து வைத்து, கடைசி அசையை மட்டும் அழுத்திவிட்டுப் போகிறாய். தொண்ணூறுகளில் கத்திச் சொன்னதை நாற்பத்தைந்து வயதில் பேச்சுவாக்கில் சொல்கிறாய். வயதான ராப்பர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள்: பழைய குரலை அப்படியே திரும்பக் கொண்டுவரப் பார்ப்பார்கள், மூச்சு பத்தாது, வரி நடுவில் உடையும், அதை ஒட்டுப்போட்டுப் பதிவு செய்வார்கள். ஒட்டு காதில் விழும். உன்னிடம் அது விழவில்லை.

'டிஸ் ஜெனரேஷன்' இன்னும் பெரிய விஷயம். நீ, டிப், ஜரோபி, விருந்தாளியாக வந்த ராப்பர் பஸ்டா ரைம்ஸ், நான்கு பேர். ஆளுக்கொரு வெர்ஸ் என்று பிரித்துக்கொள்ளாமல் ஒருவர் வரியை அடுத்தவர் பிடுங்கிக்கொண்டு போகிறீர்கள். நிமிடத்துக்கு 96 அடி ஓடுகிற பீட் ஒன்றை எடுத்துக்கொண்டால் நான்கு அடி கொண்ட ஒரு பார் இரண்டரை வினாடி. 16 பார் வெர்ஸ் என்றால் நாற்பது வினாடி. பாதி பாரில் கை மாற்றினால் ஒன்றேகால் வினாடிதான் கிடைக்கும். அதற்குள் முன்னவன் மூச்சை விட வேண்டும், பின்னவன் இழுத்து முடித்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் பீட்டை மெயிலில் அனுப்புகிறார்கள், எங்கோ ஓர் ஊரிலிருந்து குரல் மட்டும் திரும்பி வருகிறது, எஞ்சினியர் பார் தொடங்குகிற இடத்தில் ஒட்டுகிறார். தனி வெர்ஸுக்கு அது போதும். கை மாற்றுகிற பாட்டில் போதாது. ஒருவன் மைக்குக்கு நான்கு விரல் தூரத்தில், இன்னொருவன் ஒரு முழம் தள்ளி; ஒரு அறை எதிரொலிக்கும், ஒன்று செத்த அறையாக இருக்கும்; முன்னவனின் கடைசி அசை வெட்டுப்படும். அதைவிட முக்கியம், எதிரில் இருக்கிறவன் முகம் பார்க்காமல் அவன் எடுத்த சுருதியில் வரியைப் பிடிக்க முடியாது.

அதனால்தான் டிப் நியூ ஜெர்சியில் தன் வீட்டு ஸ்டூடியோவுக்கு எல்லாரும் நேரில் வந்தே ஆக வேண்டும் என்றான். மெயிலில் வெர்ஸ் கிடையாது. அந்த ஆல்பத்தில் காதுக்கு இதமாக இருக்கிற எல்லாமே அந்த விதியிலிருந்து வந்தது.

உடம்பு சரியில்லாத உன்னைக் கலிஃபோர்னியாவிலிருந்து விமானம் ஏற வைத்ததும் அதே விதிதான், ஃபைஃப்.

இதைப் பலரும் படிப்பார்கள் என்பதால் உன் வீட்டாரைப் பற்றியும் ஆஸ்பத்திரி விவரங்களைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஆல்பம்தான் உன்னைக் கொன்றது, அப்படிப் போவதில் உனக்குச் சந்தோஷம்தான் என்று ஜரோபியே பத்திரிகைப் பேட்டியில் சொன்னான். பக்கத்தில் இருந்தவன் சொன்னதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. வேலை பாதியில் இருந்தது. ஏன் இத்தனை அவசரம்? ஆறு மாதம் நின்று செய்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? டிப் மேல் கோபம் வருகிறது. பிறகு 'டிஸ் ஜெனரேஷன்' கேட்டால் அந்தக் கோபம் நிற்கமாட்டேன் என்கிறது. உன் மேல் திரும்புகிறது.

டிப் 'லாஸ்ட் சம்படி'யில் உன்னிடம் பேசுகிறான். உன்னைத் தம்பி மாதிரி நடத்தினேன், அது உனக்கு எரிச்சலாக இருந்தது, உன் நல்லதுக்கென்றுதான் நினைத்தேன் என்கிறான். மன்னிப்பா, நியாயப்படுத்தலா? இரண்டும்தான், ஒரே மூச்சில். 'பிளாக் ஸ்பாஸ்மோடிக்'கில் இன்னும் ஒரு படி போகிறான். நீ மேலே இருந்து அவனுக்குச் சொல்கிற மாதிரி, உன் டிரினிடாட் பேச்சு வாடையில், உன் வாய்க்குள் தன் வரிகளை வைக்கிறான். அதே பாட்டில் உன் நிஜக் குரலும் இருக்கிறது. நிஜமும் நகலும் அருகருகே. பாசத்தில் செய்தது, சந்தேகமே இல்லை. ஆனால் உன்னிடம் கேட்டிருந்தால், 'எனக்கான வரியை நான்தான் எழுதுவேன்' என்று நீ சொல்லியிருப்பாய் என்றே தோன்றுகிறது.

கேட்பவர்களும் யோக்கியர்கள் இல்லை. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரரை நடத்துகிற மாதிரிதான் உன்னை நடத்தினார்கள். 1990-இல் வந்த முதல் ஆல்பத்தில் உன் குரல் ஒரு சில பாட்டில்தான் இருந்தது. காது அப்படிப் பழகிவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். 1991-இல் உன் குரலோடு தொடங்குகிற 'பக்கின் அவுட்' வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லாது.

விருதுக் கதை சீக்கிரம் முடியும். 2017 பிப்ரவரியில் கிராமி மேடையில் டிப், ஜரோபி, பஸ்டா, கான்சீக்வென்ஸ், ஆண்டர்சன் பாக் எல்லாரும் சேர்ந்து அரங்கத்தையே எழுப்பினார்கள். அதே மாதம் பிரிட்டனில் பிரிட் விருது, சிறந்த சர்வதேசக் குழு. நவம்பரில் கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. சிறந்த ராப் ஆல்பம் பிரிவில் ஐந்து பெயர்: ஜே-ஸி, கென்ட்ரிக், மிகோஸ், ராப்ஸடி, டைலர். உங்கள் பெயர் எந்தப் பிரிவிலும் இல்லை. டிப் கொதித்துப்போய் வீடியோ போட்டான். நியாயமான கோபம். மேடைக்கு வேண்டும், பட்டியலுக்கு வேண்டாம் என்றால் கோபம் வராதா?

உன் தனி ஆல்பம் 'ஃபாரெவர்' 2022-இல் இதே மார்ச் 22 அன்று வெளிவந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே திணித்தால் மரியாதையாக இருக்காது.

இன்றைக்கும் எல்லாரும் 'லாஸ்ட் சம்படி'யைத்தான் பகிர்வார்கள். என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் 'கான்ராட் டோக்கியோ', ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் பார்க்காமல். அடுத்து 'டிஸ் ஜெனரேஷன்', யார் எங்கே யாரிடமிருந்து வரியை வாங்குகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே. அப்புறம் 'சாலிட் வால் ஆஃப் சவுண்ட்', நீயும் பஸ்டாவும் கரீபியப் பேச்சில் மோதிக்கொள்வதற்காக. அழுகைப் பாட்டை நாளைக்குக் கேட்டுக்கொள்ளட்டும்.